எல்மர் பாடமாக்கின பக்கம்

காணும் பிள்ளை, தண்ணி காணும். கோப்பி வேண்டாம், குடிச்சா எனக்கு நெஞ்செரியும். இல்லையில்லை, பாஸ்போட் அலுவல் இல்லை. குடும்ப விசாவும் இல்லை. எனக்கு இப்ப கூப்பிடுறதுக்கு ஆக்கள் இல்லை. வெளியில இருக்கிற அந்த வெள்ளைப் பிள்ளையும் இதைத்தான் கேட்டவ. தமிழ் தெரிஞ்ச வக்கீல் வேணும், எவ்வளவு நேரமெண்டாலும் இருப்பன் எண்டு மட்டும் சொன்னனான். பிரெஞ்சு கதைப்பன் பிள்ளை. ஜெனீவாவுக்கு வந்து முப்பத்தெட்டு வருசம். பள்ளிக்கூடம் போய்ப் படிக்கேல்ல, கோப்பை கழுவின இடத்தில பழைய பேப்பர் வாசிச்சு வாசிச்சுப் பழகினது. ஆனா இது எனக்குப் பிரெஞ்சில வராது.

எனக்கில்லை. எல்மர் எண்டு ஒரு பெடியனுக்கு. தமிழன் இல்லை, எல் சல்வடோர். அமெரிக்காவுக்குக் கீழ, மெக்சிக்கோவையும் தாண்டிப் போகவேணும். சின்ன நாடு, எங்கட இலங்கையை மூண்டாப் பிரிச்சா ஒரு துண்டு. அங்க சிறையில, மறியல்ல இருக்கிறான். ரெண்டு வருசத்துக்கு மேல. தாயோட ஒருக்காக்கூட போன் கதைக்க விடேல்ல. பெரியம்மாக்காரி மாசாமாசம் சவர்க்காரம், வெள்ளைக் காற்சட்டை, பால்மா எல்லாம் கட்டிக்கொண்டு போய் மறியல் வாசல்ல குடுக்கிறவ. பொதியை வாங்கினா ஆள் உயிரோட எண்டு நினைக்க வேண்டியதுதான். வேற ஒரு தகவலும் இல்லை. போன மாசமும் வாங்கினவங்கள்.

தாய் மார்லெனி. எனக்கு மேல்வீட்டில ஒரு சுவிஸ் கிழவி இருக்கிறா, அவவைப் பாக்கிறது மார்லெனிதான். விசா இல்லை. அதை எழுதாதேங்கோ. எழுதேல்லத்தானே? சரி.

எப்பிடிப் பழக்கமெண்டா, என்ர மனிசி ஜெயமலர் கடைசி ஆறு மாசம் படுக்கை. மார்லெனி பின்னேரத்தில இறங்கி வந்து அவவுக்குத் தலை கழுவி வாரி விடுவா. நான் கேக்கவே இல்லை, தானா வந்தவ. ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, மற்றவவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. உள்ளுக்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பினம். என்னெண்டு கேட்டா, உங்களைப் பற்றித்தான் எண்டுவா ஜெயமலர். அவ செத்து அடுத்த வருசம் எல்மர் வந்தான். அவையளுக்கு விசா எடுக்கத் தேவையில்லை, டிக்கெற் எடுத்து ஏறினாச் சரி. வந்து மூண்டு மாசத்துக்குப் பிறகுதான் பிரச்சினை.

ஏன் வந்தவனோ? அங்க ரெண்டு கும்பல் பிள்ளை. இவையின்ர ஒழுங்கை ஒரு கும்பலிட்ட, அடுத்த ரோட்டு மற்றக் கும்பலிட்ட. அடுத்த ரோட்டில இருக்கிற பாண் கடைக்குப் போகேலாது. மறிச்சு அடையாள அட்டையைப் பாப்பாங்களாம். விலாசம் மற்றப் பக்கமெண்டா முடிஞ்சுது. மார்லெனியின்ர தம்பி பஸ் ஓட்டினவர். கப்பம் கேட்டுக் குடுக்கேல்ல எண்டு சீற்றில வைச்சே சுட்டவங்கள். பஸ்ஸுக்க சனம் இருந்ததாம், ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. பேந்து எல்மரை வந்து சேரச் சொல்லிக் கேட்டவங்கள். ரெண்டு தரம் கேட்டவங்கள். மூண்டாந் தரம் கேக்க வரமுந்தி தாய் இஞ்ச எடுத்திட்டா.

என்னோட ரெஸ்ரோறன்ற் குசினியில கோப்பை கழுவினவன். அதையும் எழுதாதேங்கோ. நல்ல பெடியன். வாய் ஓயாது. என்னை டொன் மகேஸ் எண்டுதான் கூப்பிடுவான். டொன் எண்டா அவையிட்ட ஐயா மாதிரியாம். டொன் மகேஸ், உங்கட கறி சாப்பிட்டா எனக்கு அழுகை வருகுது, ஊர் ஞாபகத்தில எண்டு நினைச்சுப் போடாதேங்கோ, தூளைக் குறையுங்கோ எண்டுவான். அப்பிடி.

ரெண்டாயிரத்து இருபத்தொண்டு முடியிற நேரம் ட்ராமில பொலிஸ் மறிச்சுது. கையில விசா ஒண்டுமில்லை. அனுப்பப் போறம் எண்டாங்கள். மார்லெனி அண்டைக்கே என்ர வீட்டை வந்து குசினிக் கதிரையில இருந்திட்டா. அகதி கேட்டுப் பாப்பம், நீங்கள் எழுதித் தாங்கோ எண்டா.

என்னட்ட ஏன் கேட்டவவோ? உங்களுக்குத் தெரியாது, நீங்கள் இஞ்ச பிறந்த பிள்ளை. அப்பாவைக் கேளுங்கோ, சொல்லுவார். முந்தி எங்கட ஆக்கள் வந்து இறங்கினா முதல் கேக்கிறது, இஞ்ச அகதிக் கேஸ் எழுதிறது ஆரெண்டுதான். என்ன நடந்தது, ஏன் வந்தது, திருப்பி அனுப்பினா என்ன நடக்கும், திகதியோட எழுதவேணும். ஜெனீவாவில அது நான். உங்கட அப்பா எவடத்தில வந்து இறங்கினவர்? லோசானிலயோ. அப்ப நான் இல்லை, அங்க வேற ஒரு வாத்தியார் இருந்தவர், பெரிய பெரிய வசனமா எழுதுவார், பாதிக்குப் பாதி திரும்பி வரும்.

நான் பொய் எழுதிறதில்லை பிள்ளை. சேர்த்து எழுதிறது. ரெண்டும் வேறயோ எண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. பாருங்கோ, ஒருத்தன் வந்து சொல்லுவான், ஆமி ஊருக்கு வந்தது, பயமாயிருந்தது, ஓடி வந்தனான் எண்டு. அது உண்மை. ஆனா விசாரிக்கிறவர் என்ன கேப்பார்? ஊரில எல்லாரும்தானே பயந்தவை, உன்னை ஏன் தேடப் போகினம்? அதால நான் ஒரு தொடுப்பு வைப்பன். இயக்கம் இவனைக் கட்டாயப்படுத்தி பங்கர் வெட்ட வைச்சது. இல்லாட்டி சாப்பாட்டுப் பாசல் சேர்க்க வைச்சது. அது ஆமிக்குத் தெரிய வந்திட்டுது. இப்ப விளங்குதுதானே, அவனைத்தான் தேடுகினம். அப்பிடி எழுதின கேஸ் நிண்டது. எத்தினையோ நிண்டது. அவையின்ர பிள்ளையள் இப்ப டொக்டர், எஞ்சினியர். ஒருத்தி உங்களை மாதிரி வக்கீல்.

ஜெயமலர்தான் வாசிக்கிறவ. நான் எழுதினது ஒண்டும் அவவின்ர கண்ணில படாமல் வெளியில போகாது. சிவத்தப் பேனையால கோடு இழுப்பா. இது கூடிப்போச்சு, இதை எடுங்கோ. அவ இல்லாமல் நான் எழுதின ஒரேயொரு கேஸ் எல்மரின்ரதான்.

அவன்ர உண்மைக் கதையே காணும். இப்ப எனக்கு விளங்குது. மாமனைச் சுட்டாங்கள், என்னைச் சேரச் சொன்னாங்கள், மாட்டனெண்டனான், ஓடி வந்தனான். ஆனா எனக்கு அது வெறும் பயந்த கதையாத் தெரிஞ்சுது. தொடுப்பு இல்லை. அதால பழைய மாதிரி ஒண்டு வைச்சன். கும்பல் அவனைக் கட்டாயப்படுத்தி ஒரு வேலை செய்ய வைச்சது எண்டு ஒரு வரி. ஓம், ஒரு வரிதான். பிரெஞ்சில எழுதி வாசிச்சுக் காட்டினன். அவன் ஸ்பானிஷில கொப்பியில எழுதினான். விசாரணை ஸ்பானிஷிலதானே, துபாசி இருப்பினம். எங்கட ஆக்களுக்கு நான் சொல்லுறது ஒண்டுதான். உன்ர கையால எழுதிப் பாடமாக்கு, ஆரும் நித்திரையால எழுப்பிக் கேட்டாலும் திகதி மாறக்கூடாது. அவனும் அப்பிடியே செய்தான். வடிவான கையெழுத்து. கீழ பேரும் போட்டான். பேர் போடச் சொல்லேல்ல நான், பள்ளிக்கூடப் பழக்கத்தில போட்டிட்டான்.

என்ர வீட்டு மேசையில நான் விசாரிக்கிறவர், அவன் எல்மர். கேப்பன், சொல்லுவான். அந்த வரி வந்தா மட்டும் சிரிப்பான். டொன் மகேஸ், உங்கட பேப்பரில இருக்கிற இந்தப் பெடியன் என்னைவிடத் துணிஞ்சவன், எனக்கு இவனைப் பாக்கப் பயமாயிருக்கு எண்டான். சிரிக்காத, பேர்ணில விசாரணையில சிரிச்சா நம்பமாட்டினம் எண்டனான்.

நம்பேல்லத்தான். எட்டு மாசத்தால கடிதம் வந்தது. அந்த வரியைத்தான் பிடிச்சிருந்தவை. அவன் சொன்ன விதம் சொந்த அனுபவம் மாதிரித் தெரியேல்லையாம். கெட்டிக்காரர், என்ன. அதோட உங்கட நாட்டில இப்ப அரசாங்கம் கும்பல்களை அடக்குது எண்டும் எழுதியிருந்தது.

அடக்கினதுதான். அதுக்கிடையில அங்க அவசரகாலச் சட்டம் வந்திட்டுது. வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம், கோட்டுக்குக் கொண்டு போகாமல் வைச்சிருக்கலாம். ஆயிரம் ரெண்டாயிரம் இல்லை, பத்தாயிரக்கணக்கில பிடிச்சவங்கள். மொட்டை அடிச்சு, வெறும் மேலோட, ஒருத்தன்ர முதுகில மற்றவன்ர நெஞ்சு முட்ட இருத்தி வைச்சு வீடியோ போடுவாங்கள். மார்லெனி போனைக் கொண்டுவந்து எனக்குக் காட்டிக் கை தட்டினவ. நான் பிழை சொல்லமாட்டன். தம்பியைச் சுட்டவங்களும் அதுக்குள்ள இருப்பாங்கள்தானே. அவவின்ர அக்கா இப்ப அடுத்த ரோட்டுப் பாண் கடைக்கு நடந்து போறாவாம். பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு. அந்தப் பாண் பெரிய ருசியில்லையாம், எண்டாலும் ஒவ்வொரு நாளும் போறாவாம்.

அதாலதான் எல்மரும் போறன் எண்டான். அப்பீல் வேண்டாம், ஒளிச்சுத் திரியவும் வேண்டாம், நாடு நல்லாயிட்டுது, நான் போய் வேலை செய்யிறன். தாயும் ஓமெண்டா. நானும் ஓமெண்டனான். எயார்போட்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனது. மார்லெனி வரேலாதுதானே, அங்க பொலிஸ் நிக்கும்.

பைலைக் கையில வைச்சிரு, ஒரு துண்டும் எறியாத, எந்த நாட்டில எது எப்ப கேப்பினம் எண்டு தெரியாது எண்டு நான் சொல்லி அனுப்பினனான். அது எங்கட பழக்கம். எங்கட ஆக்கள் வீடு மாறினாலும் கட்டிலை விட்டிட்டுப் பைலைக் கொண்டு போவினம். உங்கட வீட்டிலயும் இருக்கும், அலுமாரிக்கு மேல, பிளாஸ்ரிக் பையில சுத்தி. சிரிக்கிறியள். அப்ப இருக்கு.

அங்க இறங்கினவுடன திருப்பி அனுப்பின ஆக்களை வேற வரிசையில விடுவாங்களாம். பையைத் திறந்தவங்கள். பிரெஞ்சுப் பேப்பரெல்லாம் அவங்களுக்கு விளங்கேல்ல. கொப்பி ஸ்பானிஷ். இது ஆரின்ர கையெழுத்து எண்டு கேட்டவங்களாம். என்ர எண்டிருக்கிறான். வேற என்னத்தைச் சொல்லுறது. வெளியில பெரியம்மா பூவோட நிண்டவ. பின்னேரம் வரைக்கும் நிண்டவ.

இஞ்ச ஒருத்தரும் அந்த வரியை நம்பேல்ல. அங்க உடன நம்பிட்டாங்கள்.

நீங்கள் எழுதுங்கோ, நான் நிக்கிறன். இல்லை, எனக்கு அழுகை வாறதில்லை. ஜெயமலர் செத்தண்டைக்கும் வரேல்ல. சனம் ஒரு மாதிரிப் பாத்தது.

ஓம், அந்த வரி. சொல்லத்தானே வந்தனான். அதுக்கு முதல் ஒண்டு சொல்லிப்போடுறன், இண்டைக்கு ஏன் வந்தனான் எண்டு. அங்க ஒரு சட்டத்தரணியம்மா இப்பிடிப் பிடிபட்ட ஆக்களின்ர குடும்பங்களுக்குச் சும்மா உதவி செய்யிறா. அவ கேஸைப் பாத்திட்டுச் சொன்னவ, எல்மருக்கு எதிரா இருக்கிறது அந்த ஒரு கொப்பிப் பக்கம் மட்டும்தானாம். பச்சை குத்தினது இல்லை, ஆரும் சாட்சி சொன்னது இல்லை. ஆனா இனி ஆளாளா விசாரிக்கிறதும் இல்லையாம், நூற்றுக்கணக்கில சேர்த்து ஒரு ரீவியில முகத்தைக் காட்டி ஒரே தீர்ப்பு. அதுக்கு முதல், அந்தப் பக்கம் அவன்ர கதை இல்லை எண்டு சுவிஸில இருந்து ஒரு சத்தியக்கடதாசி வந்தா ஏதும் செய்து பாக்கலாமாம். அந்தப் பக்கத்தின்ர படத்தையும் மார்லெனிக்கு அனுப்பினவ. அதுதான் பிழையாப் போச்சு.

மார்லெனி முதல் துபாசியை ஏசினவ. பிழையா மொழிபெயர்த்திட்டினம் எண்டு. பேந்து படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தா. மகன்ர கையெழுத்து. மகன்ர ஸ்பானிஷ். அவவுக்கு நான் பிரெஞ்சில எழுதினது தெரியும், என்ன எழுதினனான் எண்டு தெரியாது. எல்மர் என்னட்டச் சொன்னதைத்தான் நான் எழுதினனான் எண்டு நினைச்சிட்டா. போன கிழமை வந்து கதிரையில இருந்து கேட்டா, மகேஸ், என்ர பிள்ளை இதை எப்ப உங்களுக்குச் சொன்னவன் எண்டு. அவவே சொன்னா, தம்பி சாகேக்க எல்மருக்குப் பதினெட்டு வயது, அண்டைக்குப் பின்னேரம் அவன் எங்க நிண்டவன் எண்டு எனக்கு ஞாபகமில்லை எண்டு. விளங்குதோ பிள்ளை? தம்பியைக் காட்டிக் குடுத்தது மகன்தான் எண்டு நினைக்கத் தொடங்கிட்டா. நேற்று அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டாவாம், இனிப் பொதி கொண்டு போகவேண்டாம் எண்டு.

அதுதான் இண்டைக்கு வந்தனான். குசினி வேலைக்குச் சுகமில்லையெண்டு சொல்லிப்போட்டு.

வரி இதுதான். எங்கட ஒழுங்கை முகப்பில சைக்கிளோட நிக்கச் சொல்லி என்னைக் கட்டாயப்படுத்தினவை. தேடுற ஆள் வீட்டில நிண்டா ரெண்டு தரம் மணி அடிக்கவேணும். நான் ஒருநாள் அடிச்சனான். அவ்வளவும்தான்.

ஓம், நானாச் சேர்த்தது. எல்மர் இருந்த இடம் மலைச்சரிவு. வீட்டுக்கு வீடு படிக்கட்டு. அங்க ஒருத்தரிட்டயும் சைக்கிள் இல்லை, அவனுக்கு ஓட்டவும் தெரியாது. இஞ்ச ஏரிக்கரையில நான் பழக்கப் பாத்தனான், ஒரு கிழவன்ர நாய்க்கு மேல விட்டிட்டான்.

என்ன? ஓம். நீங்கள் சொல்லுறது சரி. நான் பொய் எழுதினனான் எண்டு இப்ப ஆரும் சொல்லலாம். பெடியனைக் காப்பாத்தச் சொல்லுறான் எண்டு தூக்கி எறிஞ்சு போடுவாங்கள். அந்தச் சட்டத்தரணியம்மாவும் அதைத்தான் கேட்டவ. அவன்ர இல்லையெண்டா ஆரின்ர? எங்கயிருந்து எடுத்தது? அதுக்கு ஊர், ஆண்டு, ஆள் எல்லாம் வேணுமாம். விசாரிச்சுப் பாக்கக்கூடிய மாதிரி.

என்ர சுவிஸ் பாஸ்போட்டோ? தெரியும். நான் என்ர கேஸில வேறதான் எழுதினனான். ஆமி தேடினது, வீடு எரிச்சது. அதெல்லாம் உண்மைதான். ஆனா இதை எழுதேல்ல. இது தெரிஞ்சா என்ன செய்வினம் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும். சரி, சொல்லாதேங்கோ, பறவாயில்லை. எழுதுங்கோ.

மகேஸ்வரன். தகப்பன் பேரையும் போடுங்கோ, நான் தந்த அடையாள அட்டையில இருக்கு. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறு, வைகாசி. எனக்குப் பத்தொன்பது வயது. சைக்கிள் என்ர சைக்கிள். வீட்டுக்குள்ள நிண்டவன் நித்தியானந்தன். அவன் வேற இயக்கம், நான் வேற இயக்கம். ஓம் பிள்ளை, எல்லாரும் தமிழ்ப் பெடியள்தான், ஒரே ஊர்தான். ஏழாம் வகுப்பு மட்டும் என்னோட ஒரு வாங்கில இருந்து படிச்சவன். பின்னேரம் நாலு மணி இருக்கும். தாய் புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டவ, மணம் ஒழுங்கைக்கு வந்தது. ரெண்டு தரம் அடிச்சன். எங்கட இயக்கப் பெடியள் உள்ளுக்க போனாங்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டை போயிட்டன்.

ஜெயமலருக்கு மட்டும் தெரியும். கலியாணங்கட்டி நாலாம் வருசம் சொன்னனான். அவ எழும்பிப் போய் சோத்து அடுப்பை நிப்பாட்டினா. அவ இருந்திருந்தா அந்த வரிக்குக் கோடு இழுத்திருப்பா. நானும் வேணுமெண்டு எடுக்கேல்ல பிள்ளை. எழுதிக்கொண்டு போக, தொடுப்பு ஒண்டு வைக்க வேண்டிய இடம் வந்தது. கை எழுதிட்டுது.

நித்தியானந்தன்ர தங்கச்சி ரொறொன்ரோவில இருக்கிறா. நம்பர் தேடி வைச்சிருக்கிறன், இந்தாங்கோ. அவவிட்ட கேட்டா தமையன் செத்த அந்தத் திகதி, அந்த ஒழுங்கை எல்லாம் சரியெண்டு சொல்லுவா. மணி அடிச்சது ஆரெண்டு அவவுக்குத் தெரியாது. நீங்கள் சொல்ல வேண்டி வரும்.

பேந்து, இதை நொத்தாரிசிட்டக் கொண்டு போறதுக்கு முதல் மார்லெனியைக் கூப்பிடுங்கோ. வெளியில இருக்கிறா, நீலச் சட்டை. நான்தான் வரச் சொன்னனான், என்னத்துக்கு எண்டு சொல்லேல்ல. உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியும் எண்டு கதவில எழுதியிருக்கு. முதல் வரியா, எல்மர் இதைச் செய்யேல்ல எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தைப் பேந்து சொல்லலாம்.

கட்டாயப்படுத்தினவையோ எண்டோ? ஓம், உங்கட படிவத்தில அப்பிடி ஒரு கேள்வி இருக்கத்தானே வேணும். இல்லைப் பிள்ளை, அந்தப் பெட்டியில இல்லையெண்டு போடுங்கோ. கட்டாயம் எண்டது எல்மருக்காக நான் சேர்த்த சொல்லு. எங்களை ஒருத்தரும் கட்டாயப்படுத்தேல்ல. ஆர் போய் முகப்பில நிக்கிறது எண்டுதான் கேட்டவை. நான் கையை உயர்த்தினனான்.